அளத்து மண்ணும் 'அழுக்கு' என்னும் சொல்லும்

'டர்ட்டி' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட 'அழுக்கான' என்று சொல்லிவிடும். விடையில் தவறில்லை. ஆனால் அதோடு நின்றுவிட்டால், தூய்மையின்மையைத் தமிழர் எத்தனை கூறாகப் பிரித்துப் பெயரிட்டார்கள் என்பது தெரியாமலே போகும். அந்தக் கூறுகளைக் கண்ணெதிரே காட்டும் இடம் ஒன்று உண்டு. அது விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளம்.

முதலில் ஆங்கிலத்துக் கதை. பழைய நோர்சு மொழியில் 'ட்ரிட்' என்றால் மலம். எழுத்து இடம் மாறி அது 'டர்ட்' ஆயிற்று. 'ஃபில்தி'யின் வேர் 'ஃபவுல்', அதாவது அழுகி நாறுவது. 'கிரைமி' என்பது தோலில் ஏறிப்போன கரி. 'டர்ட்டி' என்ற ஒரே பெயரடையை ஆங்கிலேயர் எங்கெங்கோ ஒட்டினார்கள். முறையற்ற வழியில் வந்த பணமும் டர்ட்டி, ஆபாசப் பேச்சும் டர்ட்டி, மாலுமிக்குப் புயல் வானமும் டர்ட்டி. தமிழ் இங்கெல்லாம் அழுக்கைத் தேடிப் போவதில்லை. பணத்தைக் கறுப்பு என்கிறது, பேச்சைக் கொச்சை என்கிறது. வானம் கெட்டால் மப்பு, மந்தாரம். மழையில் கரைந்துபோகும் பொருளை விளைவிக்கும் ஊரில் மப்பு என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் வேறு.

மரக்காணம் நேற்று வந்த ஊரல்ல. நத்தத்தனார் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சங்க நூலான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

உப்பு விளையும் முறையில்தான் சொற்கள் தெளிகின்றன. உவர்நீர் பாத்திக்கு வரும்போது கலங்கலாக இருக்கும். கலங்கல் என்பது நீரின் நிலை; தற்காலிகமானது; பொறுத்தால் தெளியும். தெளிந்தபின் அடியில் தங்குவது வண்டல் அல்லது கசடு. குறள் கல்விக்கு இந்தக் கசடு என்ற சொல்லை எடுத்துக்கொண்டது தற்செயலாக இருக்க முடியாது. கற்றது முதலில் கலங்கலாகத்தான் இருக்கும். அடியில் படிவதை நீக்குவது அதற்கடுத்த வேலை. 'அழுக்கு' என்று போட்டிருந்தால் மேலே ஒட்டியதைத் துடைக்கச் சொன்னதாகிவிடும்.

கடல்நீர் அடர்த்திமானியில் ஏறக்குறைய 3 டிகிரி காட்டும். வெயிலிலும் காற்றிலும் அது பாத்தி பாத்தியாக இறுகிக்கொண்டே போகும். சுண்ணமும் இரும்பும் முன்கூட்டியே படிந்துவிடும். ஜிப்சம் 13, 14 டிகிரி வாக்கில் படியத் தொடங்கும். சுமார் 25 டிகிரியில் உப்பு மணி கட்டுகிறது. 29, 30 டிகிரிக்கு வந்ததும் எஞ்சிய நீரை வெளியேற்றியாக வேண்டும். அந்தக் கசப்பு நீர் பார்வைக்குக் கலங்கியதல்ல, அதில் துளி மண்ணும் இருக்க வேண்டியதில்லை. இருந்தும் உப்பின் தரத்தைக் கெடுப்பது அதுதான். அதிலுள்ள மக்னீசிய உப்புகள் சேர்ந்தால் உப்பு கசக்கும். ஈரக்காற்றை இழுத்து, சமையலறை ஜாடியில் நீர்த்துப் போகும். இதே கசப்பு நீரை ஜப்பானியர் 'நிகாரி' என்று பெயரிட்டு, சோயாப்பாலை உறையவைத்து டோஃபு செய்யப் பயன்படுத்துகிறார்கள்.

மண்ணின் நிலை இதற்கு நேர்மாறானது. பருவம் தொடங்குமுன் சேற்றை வாரி, தளத்தைச் சமன்செய்து, காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். அந்தக் களிமண் தளம் இல்லாவிட்டால் நீர் நிற்காது, உப்பும் இல்லை. அதே மண் வாரிய உப்பில் ஏறிவிட்டால் விலை குறைகிறது. இடம் மாறிய பொருளே அழுக்கு என்ற கருத்தை மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1966-ல் வெளிவந்த தம் நூலில் விரித்துப் பேசினார். உப்பளத்தில் அதற்கு விளக்கவுரையே வேண்டாம். இந்திய உணவுச் சட்டமும் இந்த வகையில் நிதானமானது. உண்ணும் உப்பில் நீர் நீக்கிய கணக்கில் 96 விழுக்காட்டுக்குக் குறையாமல் சோடியம் குளோரைடு வேண்டும், நீரில் கரையாத பொருள் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. பொத்தாம்பொதுவாக அழுக்கென்று தள்ளாமல், எது, எவ்வளவு என்று கேட்கிறது.

மற்ற சொற்களுக்கும் தனித்தனி வழக்கு உண்டு. மாசு பழந்தமிழில் தூசு, குற்றம் இரண்டையும் சுட்டியது. 1982-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அமைந்தபோது அதே சொல் ஆலைக்கழிவுக்கும் புகைக்கும் பெயராயிற்று. இவ்வளவு பழைய சொல் இவ்வளவு புதிய வேலைக்குப் பொருந்தியது தமிழுக்குப் பெருமை. கறை இன்னும் வியப்பானது. அது கழுவினாலும் போகாதது. ஆனால் எப்போதும் இழிவானதல்ல. மரக்காணத்துப் பூமீசுவரர் கோயிலில் கும்பிடுகிறவர் வணங்கும் சிவனுக்குக் கறைக்கண்டன் என்றே பெயர். ஆலகாலம் தங்கிய கழுத்தின் கறை அங்கே அணி. சேறு என்பதற்கோ பழந்தமிழில் தேன், இனிய சாறு என்ற பொருளும் உண்டு. நாற்றம் மட்டும் இறங்கிவிட்டது. முன்பு அது நறுமணத்தையும் சுட்டியது, இன்று துர்நாற்றம் ஒன்றுதான்.

இவற்றிலிருந்து விலக்கிப் பார்க்க வேண்டிய சொல் தீட்டு. அழுக்கும் கசடும் பொருளில் இருப்பவை; தீட்டு ஆளின் மேல் சுமத்தப்பட்டது. எந்த அடர்த்திமானியும் அதை அளக்க முடியாது, எந்த நீரிலும் அது கரையாது. ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை. ஒரு சொல் பொருளை விட்டு மனிதர் மேல் ஏறும்போது மொழி தன் துல்லியத்தை இழக்கிறது, கூடவே நியாயத்தையும் இழக்கிறது. அளத்தில் வேலை செய்யும் பெண்ணின் சேலையில் சேறும் உப்பும் காய்ந்திருந்தால் பேருந்தில் முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. அவர் காலில் உள்ள வெடிப்பு உவர்நீரில் நின்றதால் வந்தது. கண் எரிச்சல், வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் வந்தது. சுளிக்கிறவர் வீட்டுக் குழம்பில் விழும் உப்பைத் தூய்மையாக்கித் தருகிற உழைப்பின் தடம் அது. அதற்கு அழுக்கு என்ற பெயர் பொருந்தாது. 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று அரசு மாற்றியது நல்ல செயல். கூலியும் கையுறையும் அந்தச் சொல்லுக்கு ஈடாக வர வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. மழைக்காலத்தில் அளம் மூழ்கி வேலை இல்லாதபோது உப்பளக் குடும்பங்களுக்குத் தமிழக அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணத்தையும் அந்தக் கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அளங்களை அடுத்துக் கிடக்கும் கழுவெளியின் சேற்றுநிலமும் நீண்டகாலம் வீண்நிலமாகப் பேசப்பட்டது. 2021-ல் அது பறவைகள் சரணாலயமாயிற்று. 2024-ல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் ஏறியது. வலசை வரும் உள்ளான்கள் அலகை நுழைத்து இரை தேடுவது அந்தச் சேற்றில்தான்.

இனி ஆக வேண்டிய காரியம் ஒன்று. தூத்துக்குடி உப்பளத்துப் பேச்சு ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' நாவலில் ஓரளவு பதிவாகியிருக்கிறது. மரக்காணத்துக்கும் ஒரு முறையான சொற்தொகுப்பு வேண்டும். பருவத்தின் முதல் வாரலில் வரும் மண்ணேறிய உப்புக்கு இங்கே என்ன பெயர், திறந்துவிடும் கசப்பு நீருக்கு என்ன பெயர், தூறலில் நனைந்து கருத்த குவியலை எப்படிச் சொல்கிறார்கள் என்று அளத்தில் நிற்பவர்களிடமே கேட்டு எழுத வேண்டும். இயந்திரம் வந்து காலால் மிதிக்கும் வேலை குறையும்போது அந்த வேலையின் சொற்களும் சேர்ந்து போய்விடும். மூத்தவர்கள் இருக்கும்போதே ஊர்ப் பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் இதைத் தொடங்கலாம்.