போர்வை தைத்த பெண்கள் நிலம் வாங்கிய வரலாறு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பென்ட் என்றொரு ஊர் இருக்கிறது. அலபாமா ஆறு மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓட, நடுவில் கிடக்கும் நிலம் அது. எதிர்க்கரையில் கேம்டன் நகரம். வில்காக்ஸ் மாவட்டத்தின் நீதிமன்றமும் வாக்காளர் பதிவு அலுவலகமும் அங்கேதான். ஊரையும் நகரத்தையும் இணைத்தது ஒரு படகுத்துறை. ஜீஸ் பென்ட்டின் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய ஆற்றைக் கடக்க முற்பட்ட காலத்தில், 1962இல், அந்தப் படகு நிறுத்தப்பட்டது. சாலையில் சுற்றிக்கொண்டு போனால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கார் வைத்திருப்பவருக்கே அவ்வளவு. படகு மறுபடி ஓடியது 2006இல். இடையில் 44 ஆண்டுகள்.

பாதையை மறித்தால் உரிமையை மறித்துவிடலாம் என்ற கணக்கு நமக்குப் புதிதல்ல. பொதுப்பாதை மறுக்கப்பட்ட தெருக்களிலிருந்துதான் நம்மில் பலரும் வந்திருக்கிறோம். அதனால்தான் இந்த ஊரின் வரலாற்றை நாம் படிக்க வேண்டும் என்கிறோம். பாதை அடைக்கப்பட்ட பெண்கள் ஊசியும் நூலும் கொண்டு வேறொரு பாதை போட்ட வரலாறு அது.

அந்த மண் ஒரு பருத்திப் பண்ணை. 1845இல் பெட்வே என்பவர் அதை வாங்கினார். தம் அடிமைகளை வட கரோலினாவிலிருந்து அங்கே நடத்தியே கொண்டுவந்தார். அவர்களின் வாரிசுகளில் பலர் இன்றும் அந்த ஆண்டையின் குடும்பப் பெயரையே சுமக்கிறார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகும் மக்கள் அதே நிலத்தில் குத்தகை உழவர்களாகவே இருந்தார்கள். 1932இல் கடன் கொடுத்த வியாபாரி இறந்ததும், அவர் குடும்பத்தார் வந்து மாடு, கோழி, ஏர், விதைச் சோளம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனார்கள். அந்தக் குளிர்காலத்தைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் உணவைக் கொண்டுதான் மக்கள் கடந்தார்கள்.

இங்கே ஒரு திருப்பம் நடந்தது. 1930களின் இறுதியில் ரூஸ்வெல்ட் அரசு அந்தப் பண்ணை நிலத்தை வாங்கியது. பின்னர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து, குறைந்த வட்டிக் கடனில் அந்த மக்களுக்கே விற்றது. நிலம் கைக்கு வந்தது. 1960களில் வாக்குரிமைப் போராட்டம் எழுந்தபோது ஜீஸ் பென்ட் மக்கள் துணிந்து நின்றதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வீட்டைக் காலி செய்யச் சொல்ல அங்கே ஆண்டை இல்லை. ஆனால் அதே மாவட்டத்தின் மற்ற ஊர்களில் குத்தகை நிலத்தில் குடியிருந்தவர்கள் வாக்காளராகப் பதியப் போன குற்றத்துக்காக வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1965ஆம் ஆண்டு தொடங்கியபோது வில்காக்ஸ் மாவட்டத்தில் கறுப்பின மக்களே பெரும்பான்மை. ஆனால் அவர்களில் ஒருவர் பெயர்கூட வாக்காளர் பட்டியலில் இல்லை.

இனிப் போர்வைக்கு வருவோம். கிழிந்த வேலைச் சட்டை, வெளுத்த ஜீன்ஸ், உரச் சாக்கு என்று எது கிடைத்தாலும் வெட்டி ஒட்டுப்போட்டு மேல்துணி தைப்பார்கள். அதன் அடியில் பஞ்சைப் பரப்பி, கீழே இன்னொரு துணி வைத்து, மூன்றையும் சேர்த்துத் தையல் ஓட்டுவார்கள். இதைக் குயில்ட் என்கிறார்கள். சுவர் இடுக்கில் குளிர்காற்று புகும் வீட்டில் பிள்ளைகள் விறைக்காமல் தூங்க இதுதான் வழி. மேல்துணியை ஒருத்தி தனியே தைப்பாள். கடைசித் தையலுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் மரச்சட்டத்தைச் சுற்றி உட்காருவார்கள். பாட்டும் ஜெபமும் ஊர்ச் செய்தியும் அங்கேதான் நடக்கும். அதாவது, யாரும் வந்து அமைப்பாக்குவதற்கு முன்பே அது ஓர் அமைப்பு.

1965 டிசம்பரில் ஃபிரான்சிஸ் வால்டர் என்ற வெள்ளையினப் பாதிரியார் அந்த வழியே வந்தார். உரிமைப் போராட்டத்தில் பழிவாங்கப்பட்டவர்களைச் சந்தித்துப் பதிவுசெய்வது அவர் வேலை. ஒரு வீட்டின் கொடியில் காய்ந்த போர்வைகளைக் கண்டு வண்டியை நிறுத்தினார். முன்பின் தெரியாத வெள்ளைக்காரரைக் கண்டதும் அந்த வீட்டுப் பெண் காட்டுக்குள் ஓடி ஒளிந்துகொண்டார். எந்தச் சூழலில் இந்த முயற்சி தொடங்கியது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும்.

வால்டர் ஒரு போர்வைக்குப் பத்து டாலர் கொடுத்து வாங்கி, நியூயார்க்கில் ஏலம் விட ஏற்பாடு செய்தார். 1966இல் அந்தப் பெண்கள் கூடி ‘ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ’ என்ற கூட்டுறவை அமைத்தார்கள். எஸ்டெல் விதர்ஸ்பூன் என்ற பெண் அதை நீண்ட காலம் நிர்வகித்தார். நியூயார்க்கின் பெரிய கடைகள் போர்வை கேட்டு வந்தன. 1967இல் தென்மாநிலங்களின் கறுப்பின உழவர்களும் கைவினைஞர்களும் தங்கள் கூட்டுறவுகளை ஒரே கூட்டமைப்பாக இணைத்தபோது, அதில் இவர்களும் இருந்தார்கள்.

தோழர்களே, இந்த வரலாற்றில் நாம் அடிக்கோடிட வேண்டிய வரி இதுதான். அந்தக் கூட்டுறவு 23 ஏக்கர் நிலம் வாங்கியது. 1969இல் அதில் தையல் கூடம் கட்டி, மார்ட்டின் லூதர் கிங் பெயரைச் சூட்டியது. வாக்குரிமைக்காக வீடிழந்த எட்டுக் குடும்பங்களுக்கு அதே நிலத்தில் மனை விற்றது. ஆண்டை பிடுங்கிய கூரையை ஊசி திருப்பித் தந்தது. பின்னர் அங்கே குழந்தைகள் காப்பகமும் வந்தது.

எல்லாம் வெற்றியாகவே முடிந்ததா? இல்லை. 1972இல் சியர்ஸ் நிறுவனத்தோடு தலையணை உறை தைக்கும் ஒப்பந்தம் வந்தது. நிலையான கூலி கிடைத்தது. ஆனால் ஒரே துணி, ஒரே அளவு. மனம் போன போக்கில் வெட்டி ஒட்டிய கைகள் தொழிற்சாலைக் கைகளாயின. மிச்சம் விழுந்த கார்டுராய் துண்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போய்த்தான் தங்கள் போர்வைகளைத் தைத்தார்கள். 2002இல் ஜீஸ் பென்ட் போர்வைகள் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் தொங்கின. விமர்சகர்கள் நவீன ஓவியங்களோடு ஒப்பிட்டு எழுதினார்கள். 2006இல் அஞ்சல் தலையும் வந்தது. 2007இல், எங்களுக்குரிய பங்கு வரவில்லை என்று சில பெண்கள் வழக்குப் போட்டார்கள். மறு ஆண்டு அது சமரசத்தில் முடிந்தது. போர்வைக்குப் புகழ் வந்ததால் தைத்தவளுக்கு நியாயம் தானாக வந்துவிடவில்லை.

கூட்டுறவு 2012இல் மூடப்பட்டது. 2021இல் ஜீஸ் பென்ட் பெண்கள் எட்ஸி என்ற இணையச் சந்தையில் சொந்தப் பெயரில் கடை திறந்தார்கள். தன் படம், தன் பெயர், தான் வைத்த விலை. ஆறு தாண்ட ஒரு காலத்தில் படகு கிடைக்காத ஊரிலிருந்து உலகம் முழுவதும் பொதி போகிறது. இது சிறிய காரியமல்ல. ஆனால் இணையக் கடையில் ஒவ்வொருத்தியும் தனித்தனி விற்பனையாளர். சந்தையின் விதியை எழுதும் கை வேறு எங்கோ இருக்கிறது. மரச்சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்த பலம் அந்தத் திரையிலிருந்து மட்டும் வந்துவிடாது.

இது அமெரிக்காவின் கதை மட்டுமல்ல. பம்பாய் பஞ்சாலைகளில் கூலி அதிகமுள்ள நெசவுப் பிரிவில் தீண்டப்படாதவர்களைச் சேர்க்கவில்லை. தார் மாற்றும்போது நூல் முனையை நாடாவின் துளைவழியே வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். நம் வாய் பட்ட நாடாவைச் சாதி இந்துத் தொழிலாளி தொடமாட்டான் என்பதுதான் காரணம். 1928ஆம் ஆண்டு பெரும் வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத்தின் முகத்துக்கு நேரே வைத்தார். ஒன்றாக உழைப்பதால் மட்டும் உழைப்பாளிகள் ஒன்றாகிவிடுவதில்லை. யாரோடு, எந்த நிபந்தனையில் என்று கேட்டாக வேண்டும்.

இன்று நம் பெண்கள் பாய் பின்னுகிறார்கள், கூடை முடைகிறார்கள், துணி தைக்கிறார்கள். அவர்களை வாட்ஸ்அப் குழுவில் சேர்ப்போம், இணையத்தில் விற்க உதவுவோம் என்று நம் மாணவத் தோழர்கள் ஆர்வத்தோடு கிளம்புகிறார்கள். அது நல்ல வேலை, செய்யுங்கள். ஆனால் முதல் நாளே விலையைச் சொல்வது யார், கணக்குப் புத்தகம் யார் கையில் என்று கேளுங்கள். கடவுச்சொல் அந்தப் பெண்களிடம் இருக்கிறதா, நம்மிடம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மீதமாகும் பணத்தை என்ன செய்வது என்பதை அவர்களே கூடி முடிவெடுக்கட்டும்.

பத்து டாலர் போர்வையில் தொடங்கியவர்கள் எட்டுக் குடும்பங்களுக்கு மனை கொடுத்தார்கள். அலபாமாவின் அந்தப் பெண்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் அதுதான்.