பனிக்கால உழவர் சந்தை (விருதுநகர் மாவட்டம்)

பனிக்கால உழவர் சந்தை என்னும் இக்கட்டுரை, ஐப்பசி முதல் தை வரையிலான மழை, பனி மாதங்களில் தமிழ்நாட்டின் உழவர் சந்தைகளில் நடைபெறும் காய்கறி வணிகத்தைப் பற்றியதாகும். சிவகாசியை ஒட்டி அமைந்துள்ள நாரணாபுரம் உள்ளிட்ட பட்டாசுத் தொழில் ஊர்களின் நுகர்வோர் இங்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளனர். இம்மாதங்களில் காய்கறி விலை ஏறுவதும், பட்டாசுத் தொழிலாளரின் வருவாய் இறங்குவதும் ஒரே வேளையில் நிகழ்வதால், இவ்வட்டாரத்தில் பனிக்காலச் சந்தை வெறும் பருவகாலச் செய்தியாக நின்றுவிடுவதில்லை.

பருவம்

தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி ஆகும். மேலை நாடுகளில் உள்ளது போன்ற உறைபனிக் குளிர்காலம் தமிழகச் சமவெளியில் இல்லை. விருதுநகர் மாவட்டத்தில் மார்கழி இரவுகளில் கூட வெப்பநிலை பொதுவாக 20 பாகை செல்சியசை ஒட்டியே நிற்கும். ஆண்டு மழை ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதன் பெரும்பங்கு வடகிழக்குப் பருவமழையால் கிடைப்பது. எனவே இங்கு 'குளிர்காலச் சந்தை' என்பது உண்மையில் மழையோடு தொடங்கிப் பனியோடு முடியும் சந்தையாகும்.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பல உழவர் சந்தைகள் குளிர்காலத்தில் மூடப்படுகின்றன, அல்லது கூரைக்குள் இடம் மாறுகின்றன. 1976ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நியூயார்க்கு நகரின் யூனியன் சதுக்கச் சந்தை போன்ற சில ஆண்டு முழுவதும் நடந்தாலும், அங்கு அப்பருவத்தில் கிழங்குகளும், சேமித்து வைத்த ஆப்பிள்களுமே மிகுதி. தமிழ்நாட்டில் நிலை இதற்கு நேர்மாறானது. மழையால் சில காய்கள் அரிதானாலும், அவரை, மொச்சை, கிழங்கு வகைகள் ஆகியவற்றிற்கு இதுவே அறுவடைக் காலம்.

வரலாறு

உழவர், இடைத்தரகரின்றித் தம் விளைபொருளை நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் அரசுத் திட்டமான உழவர் சந்தை, 1999ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதியால் தொடங்கி வைக்கப்பட்டது. இதற்கு முன்னோடிகள் இருந்தன. பஞ்சாப், அரியானா மாநிலங்களில் 1987 முதல் 'அப்னி மண்டி' நடைபெற்று வந்தது. ஆந்திரப் பிரதேசத்தில் 1999 சனவரியில் 'ரைத்து பசார்' தொடங்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் ஓர் ஆண்டிற்குள் சந்தைகளின் எண்ணிக்கை நூறை எட்டியது. 2001ஆம் ஆண்டு ஆட்சி மாற்றத்திற்குப் பின்னர் கவனிப்புக் குறைந்து பல சந்தைகள் நலிந்தன. 2006க்குப் பின்னர் மீண்டும் உயிர் பெற்றன. ஒரு காய்கறிச் சந்தையின் நல்வாழ்வு தேர்தல் முடிவைப் பொறுத்திருந்தது என்பது இத்திட்டத்தின் வரலாற்றில் தவிர்க்காமல் குறிக்க வேண்டிய செய்தி.

விருதுநகர் மாவட்டத்தில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் முதலிய ஊர்களில் உழவர் சந்தைகள் உள்ளன. நாரணாபுரத்தைச் சேர்ந்தவர்களுக்கு அண்மையில் உள்ளது சிவகாசிச் சந்தையாகும்.

செயல்படும் முறை

சந்தையில் விற்பனை செய்ய விரும்பும் உழவர் ஒளிப்படத்துடன் கூடிய அடையாள அட்டை பெறவேண்டும். அவர் உண்மையில் நிலம் உழுபவரா, என்ன பயிரிட்டுள்ளார் என்பதை வருவாய்த் துறை, வேளாண்மை மற்றும் தோட்டக்கலைத் துறை அலுவலர்கள் சரிபார்க்கின்றனர். கடைக்கு வாடகை கிடையாது. எடைத்தராசு சந்தையிலேயே வழங்கப்படுகின்றது. காலையில் முதலில் வருபவருக்கு முதலில் கடை என்னும் முறையில் இடம் ஒதுக்கப்படும்.

விலை அன்றாடம் வரையறுக்கப்படுகின்றது. மொத்தச் சந்தையின் விலையையும் வெளிச்சந்தையின் சில்லறை விலையையும் அறிந்து, உழவர்களையும் கலந்து, இரண்டிற்கும் இடைப்பட்ட ஒரு விலை பலகையில் எழுதப்படும். மொத்த விலையை விட ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு கூடுதலாக உழவருக்கும், சில்லறை விலையை விட ஏறத்தாழ அதே அளவு குறைவாக நுகர்வோருக்கும் அமைய வேண்டும் என்பது நோக்கம். இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. பலகை விலை வெளிச்சந்தையைப் பின்தொடர்கிறதே தவிர, அதைக் கட்டுப்படுத்துவதில்லை. மழையால் வெளியில் தக்காளி விலை மூன்று மடங்கானால் பலகையிலும் ஏறத்தாழ மூன்று மடங்காகும். நுகர்வோருக்குக் கிடைக்கும் சேமிப்பு ஒரு விகிதம் மட்டுமே. உழவர் சந்தை விலையேற்றத்தைத் தடுக்கவில்லை என்று குறை கூறுவோர் இதனைக் கருதுவதில்லை. அத்திட்டம் அதற்காக வடிவமைக்கப்படவில்லை.

பனிக்காலத்தில் ஏறும் காய்களும் இறங்கும் காய்களும்

தக்காளி மழைக்கு மிகவும் அஞ்சும் பயிராகும். வயலில் நீர் தேங்கினால் வேர் அழுகும், பூ உதிரும், பழம் வெடிக்கும். பறித்த பழமும் ஈரத்தில் ஓரிரு நாளில் கெடும். 2021ஆம் ஆண்டு நவம்பரில் தென் மாநிலங்கள் முழுவதும் பெய்த கனமழையால் தமிழ்நாட்டில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்போது கூட்டுறவுத் துறையின் பண்ணைப் பசுமைக் கடைகள் வழியே குறைந்த விலையில் தக்காளி விற்கப்பட்டது.

முருங்கை இன்னொரு வகை. அது வறட்சியையும் வெயிலையும் விரும்பும் மரம். மழையிலும் பனியிலும் பூக்கள் உதிர்ந்து காய்ப்பு ஏறக்குறைய நின்றுவிடும். மார்கழியில் முருங்கைக்காய் விலை கிலோவிற்கு நூற்றுக்கணக்கான ரூபாய் ஆவதும், சித்திரையில் அதே காய் வாங்க ஆளின்றிக் கிடப்பதும் ஆண்டுதோறும் காணக்கூடியதே. வெண்டையும் குளிர்ந்த இரவுகளில் மெதுவாகவே காய்க்கும்.

அவரை, மொச்சை ஆகியன இதற்கு மாறானவை. இவற்றின் மரபு வகைகள் பகல் பொழுது குறுகும்போதே பூக்கும் இயல்புடையன. ஆடியில் விதைத்த கொடி ஐப்பசிக்குப் பின்னர் பூத்து, மார்கழி, தையில் காய்த்துத் தள்ளும். சிறுகிழங்கும் அவ்வாறே பகல் குறுகும் காலத்தில் கிழங்கு வைக்கும் பயிராகும். திருநெல்வேலி, தென்காசிப் பகுதிகளில் விளையும் இது பொங்கலை ஒட்டி விருதுநகர் மாவட்டச் சந்தைகளுக்கும் வருகின்றது. தோலை நீக்குவதற்கு மிகுந்த பொறுமை வேண்டும். சாக்கில் கட்டித் தரையில் அடித்துத் தோலைக் கழற்றும் முறை இன்றும் வழக்கில் உண்டு. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில் பெய்த பெருமழை, இவ்வரவு எவ்வளவு எளிதில் தடைபடக்கூடியது என்பதைக் காட்டியது.

பனைவிதைகளை மண்ணில் பாத்தியாகப் புதைத்து, முளைத்தபின் தோண்டி எடுக்கப்படும் பனங்கிழங்கும் தை மாதத்திற்கு உரியது. மஞ்சள் குலை, செங்கரும்பு, சேனை, சர்க்கரைவள்ளி ஆகியன அதே வாரத்தில் சேர்ந்து குவியும். பொங்கலுக்கு முந்தைய இரண்டு, மூன்று நாட்களே ஆண்டின் மிக நெரிசலான சந்தை நாட்களாகும்.

விலையை மழை மட்டும் முடிவு செய்வதில்லை. கார்த்திகையிலும் மார்கழியிலும் ஐயப்பனுக்கும் முருகனுக்கும் மாலையிட்டு நோன்பிருப்போர் புலால் தவிர்ப்பதால் காய்கறித் தேவை உயர்கின்றது. கார்த்திகையில் திருமண நாட்கள் மிகுதி. மார்கழியில் திருமணங்கள் இல்லை, ஆகவே மொத்தமாக வாங்குவோர் விலகுகின்றனர். தை பிறந்ததும் மீண்டும் வருகின்றனர். மழை குறைந்து, திருமணமும் இல்லாத மார்கழியின் நடுப்பகுதியே, முருங்கை நீங்கலாக, வீட்டுக்கு வாங்குவோருக்கு ஓரளவு இசைவான காலம் எனலாம்.

பட்டாசு ஊர்களின் நிலை

சிவகாசி வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்றும் முதன்மைத் தொழில்கள். பட்டாசுத் தொழிலின் ஆண்டு தீபாவளியோடு முடிகின்றது. தீபாவளிக்கு முன்னர் போனசு வழங்கப்பட்டு, பண்டிகைக்குப் பின்னர் ஆலைகள் சில வாரங்கள் மூடப்பட்டு, பின்னர் பூசையிட்டுத் திறக்கப்படுகின்றன. திறந்த பின்னரும் வேலை ஒரேயடியாக முழுமை பெறுவதில்லை. மருந்து ஏற்றிய வெடிகளும் திரிகளும் வெயிலில் உலர வேண்டும். மழை நாளில் உலர்த்துதல் இல்லை. பெரும்பாலோர் செய்த எண்ணிக்கைக்கு ஏற்பக் கூலி பெறுவதால், வெயில் இல்லாத நாள் கூலி குறைந்த நாளாகின்றது. தக்காளி விலை உச்சத்தில் இருக்கும் அதே கார்த்திகை வாரங்கள் இவை.

2018ஆம் ஆண்டு இதற்குக் கடுமையான எடுத்துக்காட்டாகும். அவ்வாண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசுகளில் பேரியம் உப்புக்களைப் பயன்படுத்தத் தடை விதித்து, பசுமைப் பட்டாசுகளையே அனுமதித்தது. இதனை எதிர்த்துத் தீபாவளிக்குப் பின்னர் ஆலைகள் திறக்கப்படாமல், மூடல் பல மாதங்கள் நீடித்தது. வழக்கமாகச் சில வாரங்களுக்கான சேமிப்பையே கையில் வைத்திருக்கும் குடும்பங்கள் அப்பனிக்காலம் முழுவதையும் அதைக்கொண்டு கடக்க நேர்ந்தது.

அச்சுத் தொழிலாளர் நிலை வேறு. நாட்காட்டிகளும் நாட்குறிப்புகளும் புத்தாண்டிற்கு முன் முடிக்கப்பட வேண்டியவை ஆதலால், ஐப்பசி முதல் மார்கழி வரை அச்சகங்களில் வேலை மிகுதி. ஒரே தெருவில் ஒரு வீட்டில் மிகைநேரக் கூலியும் அடுத்த வீட்டில் அரைக் கூலியும் இருப்பதால், 'சிவகாசித் தொழிலாளரின் வாங்கும் திறன்' என்று பொதுமைப்படுத்திப் பேசுவது பிழையாக முடியும்.

உழவர் பக்கமும் இத்தொழிலோடு பிணைந்ததே. அவரையும் கத்தரியும் ஓரிரு நாளைக்கு ஒருமுறை பறிக்கப்பட வேண்டியவை. ஆலை இயங்கும் மாதங்களில் பறிப்பதற்கு ஆள் கிடைப்பது அரிது. ஆலை மூடியிருக்கும் வாரங்களில் ஆள் கிடைக்கும், ஆயின் மழை பெய்யும்.

நேரமும் ஒரு தடை. உழவர் சந்தையின் சுறுசுறுப்பான வேளை விடியற்காலையிலிருந்து முற்பகல் வரையாகும். ஆலைத் தொழிலாளர் பலர் அவ்வேளையிலேயே ஆலை வண்டிகளில் புறப்பட்டு விடுகின்றனர். ஆகவே நாரணாபுரம் போன்ற ஊர்களில் மாலையில் தெருவோரக் கடையிலோ வாரச்சந்தையிலோ வாங்குவதே இவர்களுக்கு இயல்பு. வாரச்சந்தையில் எடையின்றிக் 'கூறு' வைத்து விற்கப்படும். கையில் இருபது ரூபாய் மட்டும் இருப்பவருக்குக் கூறு வசதியானது. கிலோ கணக்கில் அது மலிவா என்பது வேறு செய்தி.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

பனிக்காலத்தில் வரும் புதுச் சின்ன வெங்காயத்தில் ஈரம் மிகுதி. கழுத்துப் பகுதி காய்ந்து சுருங்காத வெங்காயத்தைச் சேமித்து வைத்தால் அழுகும். ஒரு வாரத் தேவைக்கு மேல் வாங்குதல் கூடாது. கீரைக்கட்டின் நடுவில் விரல் விட்டுப் பார்த்தல் நலம். வெளி இலை பசுமையாக இருந்தாலும் மழையில் நனைந்த கட்டு உட்புறம் வெந்தது போலிருக்கும். அவரையில் விதை புடைத்தவை முற்றியவை என்று ஒதுக்கப்படுகின்றன. உரித்துக் குழம்பிற்கு இட அவையே ஏற்றவை, விலையும் சற்றுக் குறையும். சுண்டைக்காய் வற்றல், மணத்தக்காளி வற்றல் ஆகியவற்றைக் கோடையில் வாங்கி வைத்த வீடுகள் கார்த்திகையில் காய் விலையைப் பார்த்து அவ்வளவாக அஞ்சுவதில்லை.

குறைகள்

உழவர் அட்டையைக் கொண்டு வணிகர் விற்பனை செய்வதாகப் பல ஊர்களிலும் நெடுநாளாகக் குற்றச்சாட்டு உண்டு. உள்ளூர் வரத்துக் குறையும் மழைக்காலத்தில் இவ்வாய்ப்பு மிகுதி. ஒரே கடையில் கேரட்டும் கத்தரியும் முருங்கையும் சேர்ந்து இருந்தால், அவை மூன்றும் ஒரே நிலத்தில் விளைந்தவையா என்று வாங்குவோர் கேட்கலாம். கேரட்டு, முட்டைக்கோசு போன்றவை கொடைக்கானல், நீலகிரி மலைகளிலிருந்து வருபவை. சந்தை வாயிலிலேயே சாலையோரக் கடைகள் பெருகுவது மற்றொரு சிக்கலாகும். மழையில் உள்ளே சேறு மிதிப்பதை விட வாயிலிலேயே வாங்கிச் செல்வது எளிது என்பதால், பனிக்காலத்தில் உள்ளிருக்கும் உழவரே இதனால் பெரிதும் பாதிக்கப்படுகின்றார்.

உழவர் சந்தைகளை மாலையிலும் திறந்து, உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் சிறுதானியம், பருப்பு முதலியவற்றை விற்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2022-23ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. ஆலையிலிருந்து மாலையில் திரும்புவோர்க்கு இந்நேரம் பொருந்தும். ஆயினும் அன்று காலையில் பறித்த காய்கறி அதுவரை வாடாமல் இருக்க நிழலும் குளிர்பதன வசதியும் தேவை.