மொழி இழந்தவர் கண்ட மொழி

எழுத்தையே வாழ்வாகக் கொண்ட ஒருவரிடமிருந்து அவருடைய மொழியைக் காலம் பறித்துக்கொண்டால், எஞ்சுவது யாது? இவ்வினாவைத் தம் வாழ்விலேயே எதிர்கொண்டவர், ஹாலிவுட்டின் தலைசிறந்த இயக்குநர்களுள் ஒருவரான பில்லி வைல்டர்.

1906இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கலீசியப் பகுதியில் யூதக் குடும்பமொன்றில் பிறந்தவர் வைல்டர். வியன்னாவிலும் பெர்லினிலும் செய்தியாளராகப் பணியாற்றிய அவர், பின்னர் ஜெர்மன் மொழியில் திரைக்கதைகள் எழுதினார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பாரிசுக்குத் தப்பினார்; மறு ஆண்டு அமெரிக்காவை அடைந்தார். அவர் அறிந்திருந்த ஆங்கிலமோ மிகச் சொற்பம். தேர்ந்த எழுத்தாளர் மீண்டும் அரிச்சுவடியிலிருந்து தொடங்க நேர்ந்தது.

சார்ல்ஸ் பிராக்கெட் என்னும் அமெரிக்க எழுத்தாளருடன் இணைந்து அவர் எழுதலானார். மெக்சிகோ எல்லை நகரில் நுழைவு அனுமதிக்காகக் காத்துக்கிடந்த தம் துயரை, 1941இல் வெளிவந்த 'ஹோல்ட் பேக் தி டான்' படத்தில் ஒரு காட்சியாக்கினார். அகதியொருவன் கரப்பான் பூச்சியிடம் அனுமதிச் சீட்டு கேட்கும் காட்சி அது. பூச்சியுடன் பேசுவதா என நாயக நடிகர் மறுத்தார்; காட்சி நீக்கப்பட்டது. தம் எழுத்தைக் காக்கத் தாமே இயக்குவதன்றி வழியில்லை என்று வைல்டர் தெளிந்தார். மறு ஆண்டே ஹாலிவுட்டில் இயக்குநரானார்.

'டபிள் இண்டெம்னிட்டி' (1944), இயக்கத்திற்கும் திரைக்கதைக்கும் ஆஸ்கார் பெற்றுத்தந்த 'தி லாஸ்ட் வீக்எண்ட்' (1945) எனப் புகழ் வளர்ந்தது. ஆயினும் அதே 1945இல், நாஜி வதைமுகாம்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை உருவாக்கும் பணியும் அவரை வந்தடைந்தது. அவருடைய தாயும் நாஜிகளின் இன அழிப்பில் மாண்டவரே. 1950இல் வந்த 'சன்செட் புலிவார்ட்' படத்தில் கதையைச் சொல்பவன் கொலையுண்ட திரைக்கதையாசிரியன் என்பது எண்ணத்தக்கது. உயிர் போன பின்னும் எழுத்தாளன் குரல் ஓயவில்லை.

ஐ.ஏ.எல். டயமண்டுடன் இணைந்து எழுதிய 'தி அபார்ட்மெண்ட்' (1960), சிறந்த படம், இயக்கம், திரைக்கதை ஆகிய மூன்று ஆஸ்கார்களை அவருக்கு ஈட்டித்தந்தது. இத்துணைப் புகழும் முழுக்காவல் ஆகவில்லை. ஷெர்லாக் ஹோம்ஸ் பற்றி அவர் மூன்று மணி நேரத்துக்கும் மேலாக எடுத்த படம், பெரிதும் வெட்டப்பட்டே 1970இல் திரைக்கு வந்தது. 1981க்குப் பின் அவர் படமெதுவும் இயக்கவில்லை.

2002இல் மறைந்த அவருடைய கல்லறைக் கல் அவரை இயக்குநர் எனக் குறிக்கவில்லை. எழுத்தாளர் என்றே குறிக்கிறது. இயக்கம் அவர் எழுத்துக்குக் கட்டிய வேலி; விளைநிலம் சொல்லே.