கோடாக் மறந்த பாடம்

அன்றாட உபயோகத்துக்குச் சின்னதாக ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கப் போகிறீர்களா? கடைக்காரர் எடுத்த எடுப்பில், 'இது எத்தனை மெகாபிக்சல் தெரியுமா சார்?' என்றுதான் ஆரம்பிப்பார். கொஞ்சம் பொறுங்கள். அதற்கு முன்னால் ஒரு கம்பெனியின் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

1877. அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரம். ஜார்ஜ் ஈஸ்ட்மன் என்ற பேங்க் குமாஸ்தா ஆசைப்பட்டு ஒரு கேமரா வாங்கினார். வாங்கியபிறகுதான் தெரிந்தது, அது கேமரா இல்லை, மூட்டை. பெரிய பெட்டி, முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயன பாட்டில்கள், போதாக்குறைக்கு இருட்டுக்கென்று ஒரு கூடாரம். படம் எடுக்கப் போவதும் வீடு மாற்றுவதும் ஒன்றுதான்.

ஈஸ்ட்மன் யோசித்தார். 1888-ல் கோடாக் கேமரா பிறந்தது. விலை 25 டாலர். உள்ளே 100 படங்களுக்கான ரோல். எடுத்து முடித்ததும் கேமராவையே ராச்செஸ்டருக்கு அனுப்பிவிட வேண்டியது. 10 டாலர் கொடுத்தால் பிரிண்ட் போட்டு, புது ரோல் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்தினால் போதும், மிச்சம் எங்கள் பொறுப்பு என்று விளம்பரம் செய்தார்கள். 1900-ல் வந்த பிரௌனி கேமராவின் விலை ஒரே ஒரு டாலர்!

தரம்? ஸ்டுடியோக்காரரின் பெரிய பெட்டிக்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஜனங்கள் கவலையே படவில்லை. கைக்கு அடக்கமாக இருக்கிறதா, போதும். கேமராவை மலிவாகக் கொடுத்துவிட்டு ஃபிலிமில் காசு பார்த்தது கோடாக். பி.காம். முதல் வருஷத்துப் பையனுக்கே புரிகிற கணக்கு.

அந்தக் கணக்குதான் பிற்பாடு கழுத்தைப் பிடித்தது.

1975 டிசம்பர். அதே ராச்செஸ்டர், அதே கோடாக். ஸ்டீவ் சாஸன் என்கிற 25 வயது எஞ்சினியர் ஒரு விசித்திரப் பெட்டியைச் செய்து முடித்தார். சூப்பர்-8 மூவி கேமராவின் லென்ஸ், 16 பேட்டரிகள், ஒரு கேசட். மொத்த எடை 3.6 கிலோ. 0.01 மெகாபிக்சல் கறுப்பு வெள்ளைப் படம். அதைக் கேசட்டில் பதிய 23 விநாடி. பார்ப்பதற்கு ஒரு டி.வி. பெட்டி. கையில் தூக்கிப் போகிற முதல் டிஜிட்டல் கேமரா அதுதான்.

மேலதிகாரிகள் பார்த்தார்கள். டி.வி.யில் போட்டோ பார்க்க யார் ஆசைப்படுவார்கள் என்று கேட்டார்கள். 1978-ல் பேட்டன்ட் வந்தது. கடைக்குத்தான் வரவில்லை. ஃபிலிமே வேண்டாம் என்கிற கேமராவை ஃபிலிம் கம்பெனி எப்படி விற்கும், சொல்லுங்கள்?

1995-ல் ஜப்பானின் கேசியோ, முதுகில் குட்டித் திரை வைத்து க்யூவி-10 என்ற கேமராவை விற்றது. கால் மெகாபிக்சல்தான். ஆனால் எடுத்த கையோடு படத்தைப் பார்க்கலாம். கோடாக்கும் சும்மா இல்லை. நிறைய டிஜிட்டல் கேமராக்கள் விற்றது. ஆனால் ஃபிலிம் தந்த லாபத்தை அவை தரவில்லை. 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டுக் கோர்ட் படியேறியது. 2013-ல் மீண்டு வந்தபோது ஆளே இளைத்துப் போயிருந்தது.

கதை அதோடு முடியவில்லை. 2010-ல் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. பெரும்பாலானவை சின்ன கேமராக்கள். 2023-ல் மொத்தமே 80 லட்சத்துக்கும் கீழே. செல்போன் சாப்பிட்டுவிட்டது. ஆரம்ப காலப் போன் படங்கள் சுமார்தான். ஆனால் எப்போதும் சட்டைப் பையில் இருந்தது போன்தானே!

ஆகவே கடையில் முதல் பரீட்சை இது: கேமராவைப் பையில் போட்டுப் பாருங்கள். எடுங்கள், ஆன் செய்யுங்கள், ஒரு படம் எடுங்கள். குழந்தையின் சிரிப்பு அதுவரை காத்திருக்குமா?

இரண்டாவது, மெகாபிக்சலை விடுங்கள், சென்சார் எவ்வளவு பெரிசு என்று கேளுங்கள். சாதாரண சின்ன கேமராக்களில் அது சுமார் 6 மில்லிமீட்டர் அகலம். 'ஒரு இன்ச்' என்று பெயர் வைத்த சென்சார் 13.2 மில்லிமீட்டர். (பெயர்தான் ஒரு இன்ச்!) பரப்பளவில் நாலு மடங்கு. அவ்வளவு வெளிச்சம் அதிகமாகப் பிடிக்கும். கல்யாண மண்டபத்து ராத்திரியில் வித்தியாசம் தெரியும். சின்ன சென்சாரே போதும் என்றால், நிஜமான லென்ஸ் ஜூமாவது இருக்கட்டும். இரண்டும் இல்லையா? கையில் இருக்கும் போனே போதும், காசை மிச்சம் பிடியுங்கள்.

ஆனால் முதல் பரீட்சையில் தோற்றதை எந்தக் காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். ஈஸ்ட்மனின் மூட்டை அலமாரியில் தூங்கத்தான் லாயக்கு.