ஷெப்பிங், எலிசபெத் ஜொஹானா (1880–1934)

ஜெர்மனியில் பிறந்து, அமெரிக்காவில் செவிலியம் பயின்று, கொரியாவில் 22 ஆண்டுகள் உழைத்து அந்த மண்ணிலேயே மறைந்தவர். கொரியச் செவிலியர் சங்கத்தை நிறுவியவர். கொரியர்களுக்கு இவர் சோ சோப்யோங்.

பிறந்த ஊர் வீஸ்பாடன். தாய் முன்னதாகவே அமெரிக்கா போய்விட, தாத்தா பாட்டியிடம் வளர்ந்த சிறுமி பின்னர் கப்பலேறி நியூயார்க் சேர்ந்தார். அங்கே செயின்ட் மார்க் மருத்துவமனையில் செவிலியப் பயிற்சி பெற்றார். கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் புராட்டஸ்டன்ட் சபைக்கு மாறியதால் தாயோடு உறவு முறிந்தது. 1912-இல் அமெரிக்கத் தென் பிரஸ்பிட்டேரியன் சபை இவரைக் கொரியாவுக்கு அனுப்பியது. நாடு ஜப்பானிடம் பறிபோய் இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன.

குவாங்ஜு, குன்சான் மிஷன் மருத்துவமனைகளிலும் சோல் நகரின் செவெரன்ஸ் மருத்துவமனையிலும் பணியாற்றினார். கொரியப் பெண்களுக்குச் செவிலியம் கற்பித்தார். கொரிய மொழியில் பாடநூல்கள் எழுதினார். ஆனால் இவருடைய பெரும்பணி வார்டுக்கு வெளியேதான் நடந்தது. தென்மேற்குக் கொரியாவின் ஊர்களைச் சுற்றிவந்து எழுதிய ஒரு கடிதத்தில், அம்மாதம் சந்தித்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்களில் பத்துப் பேருக்குத்தான் பெயர் இருந்தது என்கிறார். மற்றவர்களைப் ‘பன்றிப் பாட்டி’, ‘பெரியவள்’ என்ற ரீதியில் ஊர் அழைத்தது. அவர்களுக்குப் பெயர் வைத்தார், எழுத்து கற்பித்தார். கைவிடப்பட்டவர்களுக்கும் கைம்பெண்களுக்கும் குவாங்ஜுவில் 1922-இல் தொடங்கிய பள்ளி பின்னர் நீல் பள்ளி எனப் பெயர் பெற்றது. மாணவிகள் முசுக்கட்டை வளர்த்துப் பட்டுப்புழுவுக்கு இட்டனர். அவர்கள் செய்த பூத்தையல் துணிகள் அமெரிக்காவில் விற்றன. சோற்றுக்கு வழியில்லாதவளிடம் சுகாதாரம் பேசிப் பயனில்லை என்பதை இவர் அறிந்திருந்தார். தொழுநோயாளரையும் தம் பொறுப்பாகவே கருதினார். கொரிய உடை, கறுப்பு ரப்பர் செருப்பு, சோயா விழுதுச் சாறு என்று வாழ்ந்தார். அநாதைப் பெண் குழந்தைகள் பலரைத் தத்தெடுத்தார்.

1923-இல் செவிலியர் சங்கத்தை நிறுவி, ஏறத்தாழப் பத்தாண்டுகள் தலைமை ஏற்றார். சர்வதேசச் செவிலியர் மன்றத்தில் கொரியாவுக்குத் தனி இடம் கேட்டுப் பார்த்தார். ஜப்பானின் ஆட்சிப்பகுதிக்குத் தனி உறுப்புரிமை கிடைக்கவில்லை. ஆயினும், நாடே இல்லாதவர்களுக்குத் தேசியச் சங்கம் ஒன்றைக் கட்டியதுதான் இவருடைய தலைமையின் உச்சம் எனலாம். மிஷன் மருத்துவமனைகளில் எத்தனையோ வெளிநாட்டுச் செவிலியர் அர்ப்பணிப்போடு உழைத்தனர். உள்ளூர்ச் செவிலியரைத் தொழில்முறை அமைப்பாகத் திரட்டியவர்கள் குறைவு.

நெடுநாள் குடல் நோயும் ஊட்டக்குறைவும் உடலை அரித்தன. 1934 ஜூனில் குவாங்ஜுவில் காலமானார். உடலை மருத்துவ ஆய்வுக்குக் கொடுக்கும்படி சொல்லியிருந்தார். வீட்டில் மிஞ்சியவை சில்லறைக் காசும் கொஞ்சம் சோளமாவும் பாதிப் போர்வையும். மீதிப் பாதியை யாருக்கோ கொடுத்திருந்தார். நகர மக்கள் பொதுச் சடங்காக இறுதி ஊர்வலம் நடத்தினர். பிச்சைக்காரர்களும் தொழுநோயாளரும் ‘அம்மா’ என்று அழுது பின்தொடர்ந்தனர். கல்லறை நகரின் யாங்னிம் குன்றில் இருக்கிறது.

விடுதலைக்குப் பின், 1949-இல், கொரியச் செவிலியர் சங்கம் சர்வதேச மன்றத்தில் உறுப்பினராயிற்று.