தாடை நோவும் போர்வீரர் நட்டஈடும்

கையையோ காலையோ இழந்து போர்க்களத்தினின்றும் மீளும் வீரன் தன் இழப்பை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காண்போர் கண்களே அதற்குச் சாட்சியாகும். காதுக்கு முன்புறமாக விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால், அவ்விடத்தே ஒரு சிறு மூட்டு அசைவதை உணரலாம். கீழ்த்தாடையை மண்டையோட்டுடன் பொருத்துவது அதுவே. அம்மூட்டுப் பழுதுற்றவனின் நிலை வேறு. உண்ணுதல், உரையாடுதல், கொட்டாவி விடுதல் ஆகிய அனைத்தும் அவனுக்கு வேதனையாகின்றன. காதிலும் தலையிலும் நோவு பரவுகின்றது. எனினும், புறத்தே வடு யாதும் தோன்றாதிருக்கலாம்.

முகத்தில் விழும் அடி, வெடியதிர்ச்சி, வாகன விபத்து என்பவற்றால் இம்மூட்டுக் கெடுவதுண்டு. யுத்தத்தின் அச்சம் நீங்காத உள்ளத்தினர் உறக்கத்திலே பல்லை நறநறவெனக் கடிப்பதாலும் நோவு முற்றுவதுண்டு. இத்தகைய துன்பத்துக்கு அரசாங்கம் நட்டஈடு வழங்கும் முறை அமெரிக்க ஐக்கிய நாட்டிலே படிப்படியாக உருவாகிய வரலாறு, கண்ணுக்குப் புலப்படாத ஊனத்தைச் சட்டம் காணக் கற்றுக்கொண்ட வரலாறாகும்.

அந்நாடு சுதந்திரப் பிரகடனம் செய்த 1776 ஆம் ஆண்டிலேயே, ஓகஸ்ட் 26 ஆம் நாள், ஊனமுற்ற வீரருக்கான முதலாவது சட்டம் நிறைவேறிற்று. உறுப்பிழந்தோருக்கும், பிழைப்புக்கு வழியின்றி ஊனமுற்றோருக்கும் பாதிச் சம்பளம் தருவதாக அது வாக்களித்தது. ஆனால், காங்கிரஸ் சபையிடம் பணம் இருக்கவில்லை. கொடுக்கும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது.

உள்நாட்டு யுத்தம் மூண்டதன் பின்னர், 1862 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் விரிவான உபகாரச் சம்பளச் சட்டம் ஒன்று பிறந்தது. முழுமையாக ஊனமுற்ற சாதாரண சிப்பாய்க்கு அது மாதம் 8 டொலர் வழங்கிற்று. வீரர்கள் வைத்தியர் முன் தோன்றித் தம் ஊனத்தைக் காட்டவும், அது சேவையினால் விளைந்ததென நிறுவவும் வேண்டியிருந்தது. எழுத்தறிவு குறைந்தோர் பலர் தரகரையும் நியாயவாதியரையும் நாடினர். அவர்கள் ஏழை வீரனைச் சுரண்டாதிருக்கும் பொருட்டு, கூலி 5 டொலருக்கு மேற்படலாகாது எனச் சட்டம் வரம்பிட்டது. 1864 இல் அது 10 டொலராயிற்று. காவலாக வந்த இவ்வரம்பே காலப்போக்கில் தடையாகவும் மாறிற்று. 10 டொலருக்கு வழக்கை ஆராய முன்வரும் சட்ட அறிஞர் அரியராயினர். 1988 ஆம் ஆண்டிலேதான் அவ்விதி நீக்கப்பட்டது.

அதே உள்நாட்டு யுத்தத்தில் தாடை வைத்தியமும் வளர்ந்தது. வடபகுதியில் நியூயோர்க் நகரத்துத் தோமஸ் கன்னிங் என்பாரும், தென்பகுதியில் அற்லாண்டா நகரில் ஜேம்ஸ் பீன் என்பாரும், பல்வரிசையில் பொருந்தும் கடின இறப்பர்க் கட்டுக்களால் முறிந்த தாடைகளை இணைத்தனர். வண்டி விபத்தில் தாடை முறிந்த அமைச்சர் வில்லியம் சீவார்டுக்கு 1865 இல் சிகிச்சை செய்தவரும் கன்னிங்கே ஆவார். முறிந்த எலும்பு பொருந்திய பின்னரும் நீடிக்கும் மூட்டு நோவை ஒரு தனி நோயெனக் கொள்ளும் அறிவு மாத்திரம் அக்காலத்தில் வேரூன்றியிருக்கவில்லை.

முதலாம் உலக யுத்தத்தின்போது, 1917 இல் இயற்றப்பட்ட சட்டம் புதியதொரு கோட்பாட்டை நிலைநாட்டிற்று. ஓர் ஊனம் சராசரியாக உழைப்புத் திறனை எவ்வளவு குறைக்கின்றது என்பதை அட்டவணை கொண்டு வீதப்படுத்துதலே அக்கோட்பாடு. 1930 இல் முன்னாள் வீரர் நிருவாகம் தாபிக்கப்பட்டது. இதற்கிடையில், 1919 இல் அமெரிக்கன் லீஜியனும், 1920 இல் ஊனமுற்ற அமெரிக்க வீரர் சங்கமும் தோன்றின. விண்ணப்பம் எழுதவும், சான்றுகளைத் திரட்டவும், மேன்முறையீடு செய்யவும் இவை கூலி பெறாது துணை நின்றன. இன்றும் அத்தொண்டைச் செய்து வருகின்றன.

1934 இல் சென் லூயிஸ் நகரத்துக் காது மூக்கு வைத்தியரான ஜேம்ஸ் கொஸ்டென், காதிலும் தலையிலும் தோன்றும் சில நோவுகளுக்குத் தாடை மூட்டே மூலம் என எழுதினார். அவர் கூறிய உடற்கூற்று விளக்கத்தைப் பிற்காலத்தார் ஏற்கவில்லை. எனினும், வைத்திய உலகின் பார்வை அம்மூட்டின்பால் திரும்பியது. நோயாளி வாயைத் திறக்கையில் மேல்வாய் முன்பற்களுக்கும் கீழ்வாய் முன்பற்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை மில்லிமீற்றரில் அளக்கும் முறை நட்டஈட்டு அட்டவணையிலும் இடம்பெற்றது.

2017 ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, 35 முதல் 50 மில்லிமீற்றர் வரை திறத்தல் இயல்பாகும். 21 முதல் 29 வரையே திறக்கக்கூடியவருக்கு நூற்றுக்கு 20 வீத ஊனம் கணிக்கப்படும். அவர் மென்மையான உணவையே உண்ண வேண்டியவராயின் 30 வீதமும், திரவமும் கூழுமே உட்கொள்பவராயின் 40 வீதமும் ஆகும். ஆனால், அவ்வுணவுக் கட்டுப்பாட்டை ஒரு வைத்தியர் பதிந்தோ உறுதிப்படுத்தியோ இருத்தல் வேண்டும். வீட்டிலே ஆண்டுக்கணக்காகக் கஞ்சியையே குடித்தவனாயினும், வைத்தியரிடம் அதைச் சொல்லாதிருந்தால், அவனுடைய துன்பம் கணக்கில் ஏறாது.

அளவுக்கு முன்னர் நிறுவ வேண்டியவை மூன்று: இன்று நோய் உளது என்பது, சேவைக் காலத்தில் அதற்கான நிகழ்ச்சி நேர்ந்தது என்பது, இவ்விரண்டையும் இணைக்கும் வைத்தியக் கருத்து என்பன. இவற்றுள் இரண்டாவதே பலரைத் தடுத்தது. 1973 யூலை 12 ஆம் நாள் சென் லூயிஸ் நகரருகே சேவைப் பதிவேட்டு நிலையத்தில் பற்றிய தீ, ஒரு கோடி அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட கோவைகளை அழித்தது. இரு உலக யுத்தங்களிலும் கொரிய யுத்தத்திலும் போரிட்ட தரைப்படையினர் பலரின் ஏடுகள் அதில் சாம்பலாயின. அத்தகையோருக்கு உடன் சேவித்த தோழரின் வாக்குமூலமும், அக்காலத்து வீட்டுக் கடிதமும், பல்வைத்தியக் குறிப்புமே கைகொடுத்தன. சான்று தேடுவதில் விண்ணப்பகாரருக்கு உதவுதல் அரசின் கடமை என 2000 ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவுறுத்திற்று. ஏற்கெனவே சேவையினால் விளைந்ததென ஏற்கப்பட்ட மனநோயின் விளைவாகத் தாடை கெட்டிருப்பின், அவ்வழியாலும் உரிமை கோர விதிகள் இடமளிக்கின்றன.

2018 இல் மத்திய மேன்முறையீட்டு நீதிமன்றம், ஒரு முன்னாள் வீராங்கனையின் முழங்கால் வலி பற்றிய வழக்கில், திட்டமான நோய்ப்பெயர் இல்லாவிடினும், உடலின் தொழிற்பாட்டைக் குறைக்கும் வலி தன்னளவிலேயே ஊனமாகலாம் எனத் தீர்ப்பளித்தது. முழங்காலைப் பற்றி எழுந்த இந்நியாயம், காட்ட வடுவில்லாத ஏனைய மூட்டுக்களுக்கும் பயன்படத்தக்கது.

இருநூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் சட்டத்தின் கருணை விரிந்து வந்துள்ளது. ஆயினும், அக்கருணை வீரனின் வாயிலைத் தானாக வந்து தட்டுவதன்று. நோவு தொடங்கிய நாளிலேயே அதைப் பதிவித்த வீரனும், அதைச் செவிமடுத்துக் குறித்த வைத்தியரும், சிதறிய சான்றுகளைப் பொறுமையுடன் சேர்த்துக் கொடுத்த துணைவரும் ஒன்றுகூடிய இடத்திலேதான் அது பலனளித்தது. நாட்டுக்காகத் துன்புற்றவன் தன் துன்பத்தை மெய்ப்பிக்கவும் தனித்தே போராட வேண்டும் என விடுவது எந்த நாட்டுக்கும் பெருமையாகாது.