‘சிட்டி’ என்னும் குடும்பப் பெயர்: ஒரு வரலாற்று நோக்கு

தமிழர்க்குக் குடும்பப் பெயர் என்பது இயல்பான வழக்கன்று. தந்தையின் பெயர் மகனின் பெயருக்கு முன்னே நிற்கும். பேரனின் காலத்தில் அஃது உதிர்ந்துவிடும். மலேசியப் பதிவேடுகளில் இருவர் பெயருக்கும் இடையே ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரம்புவான்’ என்பவற்றின் சுருக்கங்கள் இடம்பெறுகின்றன. மூன்று தலைமுறைக்கு முன்னிருந்த பாட்டனாரின் பெயரை அடையாள அட்டையைக் கொண்டு கண்டறிதல் எவர்க்கும் இயலாது. இத்தகைய நாட்டிலே, தலைமுறை தலைமுறையாக ஒரே பெயரைப் பின்னொட்டாகத் தாங்கிவரும் சிறு சமூகம் ஒன்று மலாக்காவில் வாழ்கிறது. தமிழ் பேசும் வழக்கம் அவர்களிடத்தே மறைந்து நெடுங்காலமாயிற்று. ஆயினும் பெயரின் இறுதியில் பிள்ளை, நாயக்கர், படையாச்சி, ராஜா போன்ற சொற்களுள் ஒன்று நிற்கும். அச்சமூகத்தார் அனைவர்க்கும் பொதுப்பெயராக வழங்குவது ‘சிட்டி’ என்பதாகும்.

சிட்டி என்பது ‘செட்டி’ என்பதன் திரிபே. வடமொழியில் ‘சிரேஷ்டி’ என்றால் வணிகர் குழுவின் தலைவன் என்று பொருள். அது பாலியிலும் பிராகிருதத்திலும் ‘சேட்டி’, ‘செட்டி’ என மருவிற்று. வடநாட்டுச் சேட், கன்னட நாட்டு ஷெட்டி, சிங்களத்து ஹெட்டி ஆகிய யாவும் ஒரே கொடியின் காய்கள். ஹெட்டியாராச்சி என்னும் பெயர் தாங்கிய சிங்களவர்க்கும் மலாக்காச் சிட்டிக்கும் பெயரளவில் உறவுண்டு என்பது பலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். சிலப்பதிகாரம், மணிமேகலை ஆகிய காப்பியங்களில் வணிகர்க்குரிய பட்டமாக வரும் ‘எட்டி’ என்னும் சொல்லும் இதனோடு தொடர்புடையது என்று அறிஞர் சிலர் கருதுவர். எவ்வாறாயினும், தொடக்கத்தில் இச்சொல் சாதியைக் குறித்ததைவிடத் தகுதியைக் குறித்தது எனலாம். ‘செட்டி கப்பலுக்குச் செந்தூரான் துணை’ என்னும் பழமொழியில் வரும் செட்டியும் கடல் வணிகனே.

அந்தக் கப்பல்கள் வந்தடைந்த துறைகளுள் தலையாயது மலாக்கா. பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான்களின் ஆட்சியில் அத்துறைமுகம் செழித்தபோது, வெளிநாட்டு வணிகரைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் அமர்த்தப்பட்டிருந்தனர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்தோர் அவர்களுள் ஒருவரின் பொறுப்பில் இருந்தனர். துணியைக் கொண்டுவந்து விற்று, வாசனைப் பொருள்களை ஏற்றிக்கொண்டு பருவக்காற்று மாறும்போது திரும்புவர். காற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில் உள்ளூர்ப் பெண்களை மணந்து, திரும்பாமல் தங்கிவிட்டோர் பலர். அவர்தம் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். கப்பல், கடை, முதல் ஆகிய நம் சொற்கள் மலாய் மொழியில் ‘காப்பால்’, ‘கெடாய்’, ‘மோடால்’ என இன்றும் வழங்குவது அந்த வணிகத்தின் எச்சமாகும்.

1511-இல் போர்த்துக்கீசியர் மலாக்காவைக் கைப்பற்றினர். அப்போது அவர்களின் ஏடுகளில் ஓங்கி ஒலித்த பெயர் நீனா சத்து. ‘சத்து’ என்பது செட்டியின் போர்த்துக்கீச உச்சரிப்பே. நகர் வீழ்வதற்கு முன் சிறைப்பட்டிருந்த போர்த்துக்கீசியர்க்கு உதவிய இவ்வணிகரை அல்புகர்க்கு பெண்டகாரா பதவியில் அமர்த்தினார். ஆனால் 1514-இல் அப்பதவி கம்பார் அரசருக்கு மாற்றப்பட்டது. அவமானம் தாங்காத நீனா சத்து சந்தனக் கட்டைகளால் சிதை அமைத்துத் தீப்பாய்ந்தார் என்று போர்த்துக்கீச வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தமக்குத் துணை நின்றவரைப் பயன் தீர்ந்தபின் ஒதுக்கியவர்களே அவருடைய மானத்தைப் புகழ்ந்தும் எழுதிவைத்தனர்! அத்துடன் நிற்கவில்லை. செட்டி என்னும் சொல் அவர்கள் மொழியில் ‘சத்தீம்’ எனப் புகுந்து, காலப்போக்கில் சூழ்ச்சியாக வாணிகம் செய்பவன் என்ற இழிபொருளைப் பெற்றது. போட்டி வணிகன் வைத்த பட்டம் அகராதியிலும் ஏறிவிட்டது.

1641-இல் மலாக்கா ஒல்லாந்தர் வசமாயிற்று. தம் சமயம் அல்லாத பிற சமயத்தாரின் வழிபாட்டிலே அவர்கள் பெரிதும் தலையிடவில்லை. சிட்டி சமூகத்தின் தலைவராயிருந்த தெய்வநாயகம் சிட்டி ஒல்லாந்த அரசிடமிருந்து நிலம் பெற்றார். அந்நிலத்தில் 1781-இல் எழுந்ததே அருள்மிகு ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயம். இந்நாட்டில் இன்றும் வழிபாடு நடைபெறும் மிகப் பழைய இந்து ஆலயம் இதுவே என்பர். பள்ளிவாசலும் சீனர் கோயிலும் அண்டை அயலாக நிற்கும் ஜாலான் துக்காங் எமாஸ் வீதியில் அது அமைந்துள்ளது. ஆலயத்தை நிறுவியவர் பெயரின் ஈற்றில் நிற்கும் அந்த ஒரு சொல்லே, இக்குடும்பப் பெயருக்குக் கிடைத்த உறுதியான வரலாற்றுச் சான்று.

எனினும் வாணிகம் கைநழுவிப் போயிற்று. ஒல்லாந்தரின் கெடுபிடிகளும், பின்னர்ப் பினாங்கு, சிங்கப்பூர்த் துறைமுகங்களின் எழுச்சியும் மலாக்காவை மங்கச் செய்தன. சிட்டிகள் நகரின் மையத்தைவிட்டுக் காஜா பெராங் பகுதிக்கு நகர்ந்து பயிர்த்தொழிலில் ஈடுபட்டனர். ஆங்கிலேயர் காலத்தில் எழுத்தர் பணியேற்றுச் சிங்கப்பூர்க்கும் பிற ஊர்களுக்கும் சென்றனர். அக்காலத்தேதான் செட்டிநாட்டு நகரத்தார் மலாயாவுக்கு வந்து கொடுக்கல் வாங்கல் தொழிலை நிறுவினர். மலாய் மொழியில் ‘செத்தி’ என்றால் வட்டிக்குப் பணம் கொடுப்பவர் என்ற பொருள் நிலைத்தது. இதனால் விளைந்த குழப்பம் சிறிதன்று. சிட்டி என்று பெயர் சொன்னவுடன், ‘உங்கள் கடை எங்கே உள்ளது?’ என்று கேட்போர்க்கு, உழுது பிழைத்த ஒரு குடும்பத்தின் பிள்ளை என்ன விடை கூற இயலும்? போர்த்துக்கீசியரிடம் சூழ்ச்சிக்காரன் என்றும் மலாய் மொழியில் வட்டிக்காரன் என்றும் பொருள்பட்ட பெயரை, அவ்விரண்டும் அல்லாத மக்கள் விடாது சுமந்தனர்.

இதே எழுத்துக் கூட்டலை இலங்கையிலும் காணலாம். போர்த்துக்கீசியரும் ஒல்லாந்தரும் ஆண்ட கொழும்பில் கொழும்புச் செட்டிகள் என்னும் சமூகம் உண்டு. அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர். தமிழ்ப் புலவர் வரலாற்றை ஆங்கிலத்தில் 1859-இல் ‘தமிழ் புளூட்டார்க்’ என்னும் நூலாக வெளியிட்ட சைமன் காசிச்செட்டி அச்சமூகத்தவர். ஆங்கில எழுத்தில் அவர் பெயர் ‘காசி சிட்டி’ என்றே அமையும். மதம் மாறியபோதும் அவர்களும் செட்டிப் பெயரைக் கைவிடவில்லை என்பது கருதத்தக்கது.

மற்றொரு சிட்டியை நம் நாட்டு வழக்கறிஞர் அனைவரும் அறிவர். ஒப்பந்தச் சட்டம் பற்றி 1826-இல் முதற்பதிப்பாக வெளிவந்து, இன்றும் மலேசிய, சிங்கப்பூர் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படும் பெருநூல் ‘சிட்டி’ என்றே அழைக்கப்படுகிறது. அதன் ஆசிரியர் ஆங்கிலேயர். எழுத்துக் கூட்டல் ஒன்றே. தொடர்பு சிறிதும் இல்லை. அந்த ஆங்கிலப் பெயர் விலங்கின் குட்டியைக் குறிக்கும் பழஞ்சொல்லிலிருந்தோ, கெண்ட் வட்டாரத்து ஊர்ப்பெயர் ஒன்றிலிருந்தோ வந்ததாகக் கூறுவர். ஆதலின் பெயர்ப் பட்டியலில் ‘சிட்டி’ என்று கண்ட மாத்திரத்தே வேர் ஒன்று என முடிவு செய்தல் ஆகாது.

மலாக்காவில் இப்பெயர் தந்தை வழியே இறங்குவது. பெண் பிறர்க்கு வாழ்க்கைப்பட்டால் அவள் மக்கள் பெயரில் அது தொடர்வதில்லை. சமூகமோ சிறிது, வேலை தேடி வெளியூர் சென்று பிற தமிழரோடும் சீனரோடும் கலந்தோர் பலர். காம்போங் செட்டியில் இன்று வாழ்வோர் வெகு சில குடும்பத்தினரே. 2018-இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் இச்சமூகத்தைப் பற்றித் தனிக் கண்காட்சி அமைத்தபோது, அண்டை நாட்டுத் தமிழர்க்கே அது புதுச்செய்தியாயிருந்தது.

பேசுவது மலாய், பெண்டிர் உடுப்பது கெபாயா, உண்பது சம்பால். ஆனால் வழிபாடு சைவம். போகியன்று வாழையிலையில் நாசி லெமாக்கும் பலகாரமும் இட்டு, இறந்துபட்ட முன்னோர்க்குப் படைக்கின்றனர். அதற்குப் ‘பார்ச்சு’ என்று பெயர். காஜா பெராங்கில் 1822-இல் எழுந்த ஸ்ரீ முத்து மாரியம்மன் ஆலயத்தில் நடைபெறும் பெருவிழாவை ‘டத்தோ சாச்சார்’ என்கின்றனர். சாச்சார் என்பது மலாய் மொழியில் அம்மை நோய். தாய்மொழி மறந்தபின்னும் அம்மையைத் தணிக்கும் அம்மனை அவர்கள் மறக்கவில்லை. கேட்டறிந்த மொழியில் அவளுக்கு ஒரு பெயரிட்டுக்கொண்டனர்.

தெய்வநாயகம் சிட்டி கண்ட விநாயகர் ஆலயத்தின் நிர்வாகத்தை, உடன்பாடு ஒன்றின்படி 1962 முதல் நகரத்தார் கவனித்து வருகின்றனர். ஆங்கில எழுத்தில் ஓரிரு எழுத்துகளே வேறுபடும் இரு பெயரினர். இந்நாட்டை அடைந்த காலத்தால் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் பிரிந்தவர். ஒரே சன்னிதியில் ஒருவர் தமிழிலும் மற்றவர் மலாயிலும் வேண்டி, ஒரே தட்டிலிருந்து திருநீறு பெற்றுச் செல்கின்றனர்.